கிள்ளானுக்காகப் பந்து போட்ட பிரிக்ஃபீல்ட்ஸ்காரன்

அணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

நான் இரண்டு நாடுகளுக்காகக் கிரிக்கெட் ஆடியவன். முதலில் மலாயா, பிறகு சிங்கப்பூர். என்னை எங்கே பேசக் கூப்பிட்டாலும் கேள்வி நேரத்தில் தவறாமல் ஒரு கை எழும். "அங்கிள், பிறந்த ஊருக்கு எதிரா எப்படி அங்கிள் பந்து போட்டீங்க?" கேட்பவர் முகத்தில் குற்றவாளியைக் கூண்டில் ஏற்றிவிட்ட சந்தோஷம் தெரியும்.

இதற்கான பதில் என்னுடைய சர்வதேச ஆட்டங்கள் எதிலும் இல்லை. எந்த நாடும் எனக்குத் தொப்பி கொடுப்பதற்கு முன்பே, ஜப்பான்காரன் காலத்தில், கிள்ளான் திடலில் ஒரு மத்தியானம் அதைப் படித்துக்கொண்டேன். சிரிக்காமல் சொல்ல முயல்கிறேன். முடியும் என்று தோன்றவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் வீடு, ரயில்வேயில் ஃபிட்டர் வேலை. கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். வயிறு மட்டும் பழைய நேரப்படியே பசித்தது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அவித்த கிழங்கு, சுட்ட கிழங்கு, புட்டு என்ற பெயரில் மறுபடியும் கிழங்கு. தெருவில் சிப்பாயைப் பார்த்தால் குனிந்து வணங்க வேண்டும். மறந்தால் அறை விழும்.

அந்தக் காலத்திலும் நாங்கள் ஆடினோம். ஆட வைத்தவர் எங்கள் கேப்டன். ஸ்டேஷன் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தவர். பெயரைச் சொல்ல மாட்டேன். யாராவது பாராட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிற மனிதர் அவர். நிப்போங்கோ வகுப்புக்குப் போய் ஜப்பான் மொழி கற்றிருந்தார். ஆற்றொழுக்காகப் பேசுகிறார் என்றுதான் எல்லோரும் நம்பினோம். அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் மொத்தமும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

எங்களிடம் மிச்சமிருந்த கடைசித் தோல் பந்து கிள்ளான் ஆற்றில் விழுந்து போய்விட்டது. வாங்க ஆளில்லாமல் தோட்டங்களில் ரப்பர் கிடந்தது. கொட்டைப்பாக்கை நடுவில் வைத்து, ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றி, பழைய பூட்ஸ் தோலை மேலே தைத்துப் பந்து செய்தோம். அதற்கு மனிதப் புத்தி இருந்தது. ஓர் இடத்தில் விழுந்தால் தலைக்கு மேல் எகிறும். அதே இடத்தில் மறுபடி விழுந்தால் கணுக்காலுக்குக் கீழே எலி மாதிரி ஓடும்.

இப்படி இருக்கையில் கிள்ளானிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவர், எல்லோருக்கும் அவர் நானா, கிரிக்கெட் பைத்தியம். பிரிக்ஃபீல்ட்ஸும் கிள்ளானும் மோத வேண்டும், ஜெயிக்கிற அணிக்கு ஒரு மூட்டை பச்சரிசி தருகிறேன் என்று அறிவித்துவிட்டார். அரிசி! அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் தெருவே நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தவனுக்கு நானா சொன்ன பதில் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் பரவியது: "நீ சாப்புட வரியா, விசாரிக்க வரியா?"

கிள்ளானுக்குப் போக வண்டி வேண்டும். ஸ்டேஷனில் இருந்த ஜப்பானிய ரயில்வே அதிகாரியிடம் கேப்டன் போய்க் கேட்டார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், இடுப்பில் நீளமான வாள். "யாக்யூவா?" என்று கேட்டாராம். யாக்யூ என்றால் பேஸ்பால். எங்கள் கேப்டன் யோசித்து, "யாக்யூவின் அண்ணன்" என்றார். அதிகாரியின் கண்கள் கண்ணாடிக்குள் பெரிதாயின. பள்ளிக்கூட நாளில் அவர் பேஸ்பால் ஆடியவராம். கிள்ளான் வண்டியில் எங்களுக்காக ஒரு கூட்ஸ் பெட்டி மாட்டச் சொன்னார். அதோடு நிற்காமல், அண்ணனைப் பார்க்கத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு பேர் போனோம். கிள்ளானில் பத்துப் பேர்தான் நின்றார்கள். அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளன் லோரி ஓட்டுபவன். அன்று காலையில்தான் லோரியையும் அவனையும் சேர்த்து ராணுவ வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். கிள்ளான் கேப்டன் தங்கராசு கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

எங்கள் கேப்டன் சொன்னார்: "நாங்க பன்னெண்டு பேர் வந்திருக்கோம். ஒருத்தனை எடுத்துக்க."

"யாரை வேணும்னாலுமா அண்ணே?"

"யாரை வேணும்னாலும்."

தங்கராசு கண்ணைக்கூட இமைக்காமல் என்னைக் காட்டினான். எங்கள் அணியில் வேகமாகப் பந்து போடுகிறவன் நான் ஒருவன்தான்.

நான் கேப்டனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "என்னாண்ணே இது? நம்ம ஆளுங்களுக்கு எதிரா நான் எப்படிப் போடுறது? அரிசிண்ணே!"

"இப்ப உன் ஆளுங்க அங்க நிக்கிறாங்க," என்று கிள்ளான் பக்கம் கையைக் காட்டினார். "அரைமனசா ஆடினேன்னு வை, திரும்பிப் போறப்ப உன்னை வண்டியில ஏத்த மாட்டேன். கிள்ளான்லேயே கிட."

முதலில் கிள்ளான் மட்டை பிடித்தது. நான் இறங்கினேன். முதல் பந்தைப் போட்டவர் எங்கள் கேப்டனேதான். அது விழுந்த இடத்திலிருந்து எகிறும் என்று நினைத்து மட்டையைத் தூக்கினேன். எலி ஓடியது. பின்னால் ஸ்டம்ப் சாய்ந்த சத்தம் கேட்டது.

திடலைச் சுற்றி நின்ற கிள்ளான் கூட்டம் கொதித்தது. ஓர் அக்கா இடுப்பில் குழந்தையோடு எல்லைக்கோடு வரைக்கும் ஓடி வந்து கத்தினார்: "நம்மளை வித்துட்டான்லா! வேணும்னே அவுட்டாகிட்டான்!" அதையாவது தாங்கிக்கொள்ளலாம். தலை குனிந்து நடந்தபோது பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். ஒருவன் மெல்ல முதுகில் தட்டி, "நல்ல காரியம் செஞ்சே" என்றான். உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஒரு பந்தில் இரண்டு ஊர்களும் என்னைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்துவிட்டன.

தம்பிகளே, நடுவில் நிற்பவன் வாயால் என்ன சொன்னாலும் எடுபடாது. கையில் பந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆட வந்தபோது நான் போட்ட வேகம் எனக்கே புதிது. கண்ணடித்தவன் முதலில் போனான். முதுகில் தட்டியவனின் ஸ்டம்ப் ஒன்று விக்கெட் கீப்பருக்கும் பின்னால் போய் விழுந்தது. இன்னொருவனுக்குப் பந்து எகிறி உதடு கிழிந்தது. வேட்டித் துணியை வாயில் அமுக்கிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டான். குழந்தையோடு நின்ற அக்கா இப்போது, "போடுடா என் தங்கமே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒரு முனையில் எங்கள் கேப்டன் அசையாமல் நின்றார். பந்து எகிறினால் குனிந்தார், ஓடினால் மட்டையைச் செருகினார். ஒவ்வொரு ஓட்டமாகச் சேர்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜெயிக்க மூன்று ஓட்டம் தேவை. மீதியிருந்த ஒரே ஆள் உதடு கிழிந்தவன். அவனால் எழ முடியவில்லை.

அப்போது மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி எழுந்தார். இடுப்புப் பட்டையை அவிழ்த்தார். வாளைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற நானாவின் கையில் கொடுத்தார். நானா அதைப் பிறந்த குழந்தையை வாங்குவது மாதிரி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். அதிகாரி தரையில் கிடந்த மட்டையை எடுத்து இரண்டு முறை காற்றில் சுழற்றிவிட்டு நேராக ஆடுகளத்துக்கு நடந்து வந்தார்.

எங்கள் கேப்டன் தங்கராசுவைப் பார்த்தார். "அடிபட்டவனுக்குப் பதிலா இவரு. சம்மதமா?"

"வேண்டாம்னு நான் சொல்லவா அண்ணே? நீங்களே சொல்லுங்களேன்!" என்றான் தங்கராசு.

பந்து என் கையில் இருந்தது. அதிகாரி மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நின்றார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கி எத்தனை பேருக்கு விலா வலித்ததோ தெரியாது. எனக்கு வேறு பயம். இந்தப் பந்துக்கு மனிதப் புத்தி. எகிறி அவர் கண்ணாடியில் பட்டால் என் கதி என்ன? மெதுவாகப் போடலாமா என்று நினைத்தேன். மெதுவாகப் போட்டால் அடித்துவிடுவார், கிள்ளான்காரன் என்னைக் கொன்றுவிடுவான். நல்ல நீளத்தில், நேராகப் போட்டேன். அவர் மட்டை சுழன்றது, பந்து தப்பிப் பின்னால் போனது. திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். 'பரவாயில்லை, இன்னொன்று போடு' என்பது போல இருந்தது.

அடுத்த பந்து மட்டையின் நட்ட நடுவில் பட்டது. சத்தம் கிள்ளான் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். ஆற்றோரக் கால்வாயை நோக்கிப் பந்து பறந்தது. எதிர்முனையில் இருந்த கேப்டன் ஓடத் தொடங்கினார். அதிகாரியும் மட்டையை வீசி எறிந்துவிட்டு உயிரைக் கொடுத்து ஓடினார்.

ஓடியது நான் நின்ற முனைக்கு இல்லை. பேஸ்பாலில் ஓடுகிற திசையில், வலப்பக்கமாகச் சாய்ந்து, தங்கராசு நின்ற இடத்தை நோக்கி ஓடினார். அங்கே இருந்த ஒரு புல் திட்டில் காலை வைத்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றார். அவருக்கு அதுதான் முதல் தளம். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார்.

மறுமுனைக்குப் போய்விட்ட கேப்டன் அங்கிருந்து தொண்டை கிழியக் கத்தினார்: "கொச்சி! கொச்சி!"

ஜப்பான் மொழியில் 'இந்தப் பக்கம்' என்று அர்த்தமாம். எங்களில் யாருக்கும் அது தெரியாது. எல்லைக்கோட்டில் நின்ற கிள்ளான் ஆட்டக்காரன் குட்டன் மலையாளி. ஆட்டத்தின் நடுவில் தன் ஊரை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று புரியாமல், "எந்தா? எந்தா கொச்சியில்?" என்று பதறிக்கொண்டே பந்தை எடுத்து என்னை நோக்கி எறிந்தான்.

பந்தைப் பிடித்தேன். பக்கத்திலேயே ஸ்டம்ப். கை பழக்கத்தில் அதுவாகவே பெயில்ஸைத் தட்டிவிட்டது.

அதிகாரி எந்தக் கோட்டுக்கும் உள்ளே இல்லை. சந்தேகமே கிடையாது, அவுட். ஆனால் உங்களுக்குத் தெரியும், நம் ஆட்டத்தில் நடுவர் தானாக அவுட் கொடுக்க மாட்டார். யாராவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஆட்டம் ஒன்றுமே நடக்காதது போல மேலே போய்விடும்.

நடுவராக நின்றவர் எங்களோடு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்த, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர். என் பக்கத்தில்தான் நின்றார். உதடு அசையாமல் சொன்னார்: "தம்பி, கேளாதையும். நான் ஒண்டும் காணேல்லை."

தூரத்தில், அதிகாரியின் பக்கத்தில் நின்ற தங்கராசு கண்ணால் கெஞ்சினான், வேண்டாம் என்று. நானா வாளை மார்போடு அணைத்துக்கொண்டு உதடு முணுமுணுக்கத் துவா ஓதினார். நான் கேப்டனைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு குறிப்பும் காட்டவில்லை. அவர் எதிரணி; அவர் சொல்லவும் கூடாது.

அந்தப் புல் திட்டில் நின்ற மனிதரைப் பார்த்தேன். வாள் இல்லை, தொப்பி கோணலாக இருந்தது, மூச்சு வாங்கியது, பள்ளிக்கூடப் பையன் மாதிரி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்காமல் விட்டால் அவர் ஆட்டக்காரர் இல்லை, வாளுக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் என்று ஆகிவிடும். இந்த நாட்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், கடிகாரத்தைக்கூட. இந்த இருபத்திரண்டு கஜ நிலத்தில் மட்டும் இன்னும் எங்கள் சட்டம் இருந்தது. அதை நானே தூக்கிக் கொடுக்க வேண்டுமா?

இவ்வளவும் நான் நின்று நிதானமாக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். வாயைத் திறந்தேன்.

"ஹவ்ஸாட்?"

கர்ஜனையாக வரவேண்டிய சொல், கழுத்தைப் பிடித்த கோழியின் சத்தமாக வந்தது.

கார்டு ஐயா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கையைத் தூக்கினார். விரல் நடுங்கிய நடுக்கத்தில், யாரையோ வழியனுப்புகிறார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் விரல் மேலேதான் இருந்தது.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. கேப்டன் ஓடிப்போய், தீப்பெட்டியில் இருந்த வார்த்தைகளையெல்லாம் கொட்டி, மீதியைக் கையாலும் காலாலும் விளக்கினார். கோட்டைக் காட்டினார், ஸ்டம்பைக் காட்டினார், என்னைக் காட்டினார். அதிகாரி என்னை நோக்கி நடந்து வந்தார். என் கன்னம் தானாக இறுகியது.

அவர் என்னைத் தாண்டிப் போனார். கார்டு ஐயாவின் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றினார். இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினார்.

திடலில் இலை அசையவில்லை. வழியெல்லாம், பாலமெல்லாம், வாசலெல்லாம் குனிந்து குனிந்து முதுகு பழகிப்போன ஜனங்கள், முதல் தடவையாக எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முதுகு வளைவதைப் பார்த்தார்கள். அவருடைய ஆட்டத்திலும் நடுவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாதாம். கேப்டன் பிறகு சொன்னார். கார்டு ஐயாவுக்கு அது எப்படித் தெரியும்? பதறிப்போய் அவரைவிட ஆழமாகக் குனிந்தார். மூக்குக்கண்ணாடி புல்லில் விழுந்தது. குனிந்த மனிதருக்குப் பதிலுக்குக் குனிவது ஜப்பானியர் வழக்கம். அதிகாரி மறுபடி குனிந்தார். கார்டு ஐயாவும் மறுபடி குனிந்தார். யார் நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

முதலில் சிரித்தது அந்த அக்காவின் குழந்தை. அதற்குப் பிறகு யாரால் அடக்க முடியும்? மொத்தத் திடலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதிகாரி நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். அவர் தன் வாளை வாங்கிக்கொள்ளப் போனார். நானாவின் கைகள் அதை விட மறுத்தன. விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

கிள்ளான் ஜெயித்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நானா அரிசி மூட்டையை அவிழ்த்ததும், தூக்கியவர்கள் என்னைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். நானா தன் கடையிலேயே கொஞ்சம் அரிசியைப் பொங்கி, கருவாட்டுக் குழம்போடு என் பங்கை வாழை இலையில் கட்டிக் கொடுத்தார்.

திரும்பும்போது கூட்ஸ் பெட்டியில் நான் ஒரு மூலையில், பொட்டலம் மடியில். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் எல்லோரும் எதிர் மூலையில். கதவை அடைத்த பெட்டிக்குள் சுடுசோற்று வாசம் சும்மா இருக்குமா? பொட்டலத்தை நீட்டினேன். உதடு கிழிந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கிள்ளான்காரன் சோறு எனக்கு வேண்டாம்லா" என்றான். அவன் வாயில் எச்சில் ஊறிய சத்தம் எனக்குக் கேட்டது.

கேப்டன் எழுந்து வந்தார். என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்து முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். "நாளைக்கு அவனை வேணும்கிற மட்டும் திட்டிக்குங்க. இது ஆறிடும்."

எல்லோரும் பாய்ந்தார்கள். பெட்டி குலுங்கியது. என் கைக்கு வந்து சேர்ந்தது வாழை இலை மட்டும்தான். அதை வழித்து நக்கினேன், நல்ல குழம்பு.

பல வருஷங்களுக்குப் பிறகு மலாயா தொப்பி கிடைத்தது. பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போனேன், நாடுகள் பிரிந்தன, சிங்கப்பூர் தொப்பியும் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு கோலாலம்பூரில் முதல் தடவை பந்து வீச ஓடி வந்தபோது, கூட்டத்திலிருந்து தமிழிலும் மலாயிலும் வசவு பறந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆஃப் ஸ்டம்புக்கு மேலே போட்டேன். எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கத்துக்கு முழு மூச்சாக ஆடுவதுதான் மறுபக்கத்துக்கு நாம் கொடுக்கிற மரியாதை. பாதி மூச்சாக ஆடினால் இரண்டு ஊரையும் ஏமாற்றுகிறோம்.

அன்றைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷனில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் சாய்ந்திருந்தது. பெட்டியிலிருந்து இறங்கி வரிசையாக நின்றோம். முன்பெட்டியிலிருந்து இறங்கிய அதிகாரி எங்களைக் கடந்து போனார். நாங்கள் குனிந்தோம். என் முன்னால் பூட்ஸ் நின்றது. நிமிரச் சொன்னார். இப்போதாவது விழும் என்று கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன்.

அவர் பிளாட்பாரத்தில் இருந்த ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டினார். பிறகு அடுத்த கம்பத்தைக் காட்டினார். தன் மார்பைத் தொட்டுக்கொண்டு, இங்கிருந்து அங்கேயா என்று கையால் கேட்டார்.

"எப்படி ஓடணும்னு காட்டச் சொல்றாருடா," என்றார் கேப்டன். "காட்டு!"

காட்டினேன். நான் ஒரு கம்பத்திலிருந்து, அவர் மறு கம்பத்திலிருந்து. நடுவில் கடந்து, கம்பத்தடியைக் கோடாக வைத்து அதைத் தொட்டு, திரும்ப வேண்டும். முதல் தடவை இருவரும் தோளோடு தோள் மோதிக்கொண்டோம். இரண்டாவது தடவை வழி விட்டார். பூட்ஸ் தடதடக்க, வாள் தொடையில் அடிக்க அடிக்க ஓடினார். கார்டு ஐயா இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, "கோட்டைத் தொடேல்லை! திரும்ப ஓடுங்கோ!" என்று அதட்டினார். யாரை அதட்டுகிறோம் என்பதையே மறந்துவிட்டார். டிக்கெட் கொடுப்பவர், கூலிகள், வண்டிக்குக் காத்திருந்த ஜனங்கள் எல்லோரும் வாய் பிளந்து நின்றார்கள்.

அதே பிளாட்பாரம் வழியாகத்தான் ரயில் பாதை போடும் வேலைக்கு எங்கள் ஜனங்களை அடைத்துக்கொண்டு சயாமுக்குப் போன வண்டிகளும் ஓடின. அந்த வண்டிகளில் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. அந்த மனிதர் நல்லவர் என்று உங்களுக்குச் சான்றிதழ் தரவும் எனக்கு உரிமையில்லை. கொஞ்ச நாளில் அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். என்ன ஆனார் என்று தெரியாது.

ஆனால் அந்த மாலையில் அவர் ஓடினார். கடைசி ஓட்டத்தில் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி, வியர்வை வழிய, கார்டு ஐயாவின் முகத்தைப் பார்த்தார். உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துகொள்வதற்காக.

கார்டு ஐயா குனிந்து கம்பத்தடியை நன்றாகப் பார்த்தார். யோசித்தார். "சரி," என்றார். "இப்ப நாட் அவுட்."